கரும்பலகை தெரியாத மாணவர்

சென்ற ஆண்டு என் ஆறாம் வகுப்பில் குறைபார்வை உள்ள மாணவி ஒருத்தி இருந்தாள். முதல் வரிசையில் உட்கார வைத்ததோடு என் கடமை முடிந்தது என்றிருந்தேன். அவள் பலகையைப் பார்த்து எழுதவே இல்லை, பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறாள் என்பது பல வாரங்கள் கழித்தே தெரிந்தது. அந்த நாள்களில்தான் ஜப்பானிய நாட்டுப்புற இசைக் கலைஞர் தகஹாஷி சிக்குசானைப் பற்றி வாசித்தேன்.

1910இல் வட ஜப்பானின் அவோமோரி மாநிலத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோதே தட்டம்மையால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. பள்ளியில் சேர்த்தார்கள். எழுத்து தெரியவில்லை, உடன் படித்தவர்களின் கேலி வேறு. சீக்கிரமே நின்றுவிட்டார். நம் பதிவேட்டில் இதற்கு 'இடைநிற்றல்' என்று ஒரே சொல்.

அங்கே பார்வையற்ற ஆண்கள் பலர் வாசல் வாசலாக ஷாமிசென் வாசித்து, கிடைக்கும் அரிசியையும் காசையும் கொண்டு பிழைத்தார்கள். 'போசாமா' என்று அவர்களை அழைப்பார்கள். பதினான்கு, பதினைந்து வயதில் அப்படி ஒருவரிடம் இவர் சீடரானார். ஷாமிசென் மூன்று தந்திகளும் தோல் போர்த்திய உடலும் கொண்ட கருவி. அப்பகுதியின் சுகாரு பாணியில், விசிறிபோல் விரிந்த மீட்டுகோல் தந்தியோடு தோலையும் சேர்த்து அடிக்கும். வீணையும் பறையும் ஒன்றாக ஒலிப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இசைக்குறிப்பு ஏடு கிடையாது. குரு வாசிப்பார், சீடன் கேட்பான், விரல்கள் தேடிக் கண்டுபிடிக்கும். பலகை தராத பாடம் காது வழியே வந்தது.

பிறகு பனியிலும் பட்டினியிலும் ஊர் ஊராக அலைந்தார். 1933இல் சான்ரிக்கு கடற்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையில் உயிர் தப்பினார். போர்க்காலத்தில், முப்பதைக் கடந்த வயதில், ஹாச்சினோஹேயில் இருந்த பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்து அக்குபங்சரும் மசாஜும் கற்றார். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் இருந்தேன். ஏழு வயதில் கிடைக்காத பள்ளி அது.

போருக்குப் பின் நரிதா உன்சிக்கு என்ற பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். 'சிக்குசான்' என்ற பெயர் அவர் தந்தது. அதுவரை பாட்டுக்குத் துணையாகவே இருந்த சுகாரு ஷாமிசென்னை 1963இல் தனி இசைத்தட்டாக வெளியிட்டார். 1970களில் டோக்கியோவின் சிறிய அரங்கொன்றில் அவரைக் கேட்க இளைஞர்கள் கூடினார்கள். 1977இல் அவர் வாழ்க்கை திரைப்படமானது. 1998இல் காலமானார்.

இப்போது பலகையில் எழுதும்போது ஒவ்வொரு வரியையும் உரக்கச் சொல்லியே எழுதுகிறேன். அந்த மாணவி ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். நோட்டில் பெரிய எழுத்தில் தானே எழுதுகிறாள். பக்கத்து மாணவியின் பிழைகள் அதில் இல்லை. இருப்பவை அவளுடைய சொந்தப் பிழைகள்.