புதிய உழவு இயந்திரத்துக்கு ஏற்ற எஞ்சின் எண்ணெய்

தீவகக் கமக்காரருக்கான குறிப்புகள்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணைத் தீவினுட் செல்வோர், அல்லைப்பிட்டியை அடுத்து மண்கும்பானை அடைவர். மணற்பாங்கான அவ்வூரிலும் அயலூர்களிலும் நெற்செய்கை மழையை நம்பியே நடைபெறுகின்றது. மழைக்கு முன்னர் நிலத்தை உழுது புழுதி விதைப்பை முடித்தல் வேண்டும். அவ்வேலைக்குக் கிடைப்பவை சில கிழமைகளே. அக்கிழமைகளில் உழவு இயந்திரம் பழுதுற்று நின்றால், இழப்பு திருத்தக் கூலியோடு முடிவதில்லை. அந்தப் போகமே கைநழுவிப் போகலாம்.

வடமாகாணத்திற் பல நாட்டு உழவு இயந்திரங்கள் உழைக்கின்றன. 2010 ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கமும் இம்மாகாணக் கமநல சேவை நிலையங்களுக்கு 500 உழவு இயந்திரங்களை வழங்கியது. கடன்பட்டோ தவணை முறையிலோ புதிய இயந்திரம் வாங்கும் கமக்காரரும் பலர். விலை கொடுத்து வாங்கிய எஞ்சின் நெடுங்காலம் உழைப்பதும், சில ஆண்டுகளிற் புகை கக்கி வலுவிழப்பதும் பெரும்பாலும் அதற்கு ஊற்றப்படும் எண்ணெயைப் பொறுத்தனவாகும்.

எண்ணெய் செய்யும் வேலைகள்

எஞ்சின் எண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு நின்றுவிடுவதில்லை. தண்ணீர் எட்டாத உட்பாகங்களின் வெப்பத்தை அது அகற்றுகின்றது. முசலத்துக்கும் உருளைச் சுவருக்கும் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியை அடைக்கின்றது. டீசல் எரிவதால் உண்டாகும் கரியைத் தன்னுள் ஏந்தி வைத்திருக்கின்றது. அமிலங்களின் வலியை அடக்குகின்றது. இக்காரணத்தால், புதிதாக ஊற்றிய எண்ணெய் சில மணித்தியாலங்களிற் கறுப்பது குற்றமன்று. கரியானது எஞ்சினிற் படியாமல் எண்ணெயில் மிதக்கின்றது என்பதே அதன் பொருள். எண்ணெய் பால்போல வெளுத்தால் தண்ணீர் கலந்துள்ளது எனக் கொள்க. அளவுக் கம்பியில் மட்டம் தானாக உயர்ந்தால் டீசலோ தண்ணீரோ கலந்திருத்தல் கூடும். இவ்விரு வேளைகளிலும் எஞ்சினை உடனே நிறுத்திப் பொறிவல்லாரிடம் காட்டுதல் வேண்டும்.

எண்ணெயின் தடிப்பு

எண்ணெய்க் கலத்தில் 15 டபிள்யூ 40 என்றோ 20 டபிள்யூ 40 என்றோ எழுதப்பட்டிருக்கும். எஸ்.ஏ.ஈ. என்னும் அளவு முறைப்படி இவ்வெண்கள் எண்ணெயின் தடிப்பைக் குறிக்கின்றன. டபிள்யூ எழுத்துக்கு முன்னுள்ள எண் கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு இலகுவாக அசையும் என்பதையும், பின்னுள்ள எண் எஞ்சின் நன்கு சூடேறிய பின் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் காட்டும். முன்னெண் குறையக் குறையக் குளிரில் எண்ணெய் விரைந்தோடும்.

பனிபெய்யும் நாடுகளில் முன்னெண் மிக முக்கியமானது. மண்கும்பானிலோ மார்கழிக் காலையிற்கூட வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. எனவே இங்கு பின்னெண்ணையே முதலிற் கவனித்தல் வேண்டும். நண்பகல் வெயிலிற் பாரமான கலப்பையை இழுக்கும் எஞ்சினில், 40 என்னும் தடிப்புக் குறிக்கப்பட்டிருக்க 30 ஐ ஊற்றினால் எண்ணெய்ப் படலம் மெலிந்து தேய்வு மிகும். தடிப்புக் கூடியதே நல்லது என எண்ணி 50 ஐ ஊற்றுவதும் தவறு. எஞ்சின் தொடங்கிய முதற் கணங்களில் அது மேற்பாகங்களைச் சென்றடையத் தாமதிக்கும். கைநூலில் வெப்பநிலைக்கேற்பத் தரப்பட்டுள்ள அட்டவணையைப் பார்த்து அதன்படியே நடத்தல் வேண்டும்.

எண்ணெயின் தரம்

தடிப்பு ஒத்திருப்பினும் தரம் வேறுபடலாம். தரத்தை அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் ஏ.பி.ஐ. குறியாற் கண்டுகொள்ளலாம். அக்குறியில் எஸ் என்னும் எழுத்தோடு தொடங்குவது பெற்றோல் எஞ்சினுக்கும், சி என்னும் எழுத்தோடு தொடங்குவது டீசல் எஞ்சினுக்கும் உரியது. மோட்டார்ச் சைக்கிளுக்கு வாங்கிய எண்ணெயின் மிச்சத்தை உழவு இயந்திரத்தில் ஊற்றுவது எவ்வாற்றானும் தகாது.

டீசல் வகுப்பில் சி.எச். 4 என்பது 1998 இலும், சி.ஐ. 4 என்பது 2002 இலும், சி.கே. 4 என்பது 2016 இலும் வந்தவை. பின் வந்தது எப்பொழுதும் எல்லாருக்கும் சிறந்தது என்று கருதலாகாது. டீசலில் உள்ள கந்தகம் எரிந்து, நீராவியோடு சேர்ந்து, கந்தக அமிலமாக மாறி உலோகத்தை அரிக்கும். எண்ணெயிற் சேர்க்கப்பட்டுள்ள காரப்பொருள் அவ்வமிலத்தைச் செயலற்றதாக்கும். சி.எச். 4, சி.ஐ. 4 ஆகிய வகுப்புகள் 0.5 வீதம் வரை கந்தகமுள்ள டீசலுக்கென வகுக்கப்பட்டன. சி.கே. 4 வகுப்போ 0.05 வீதம் வரை கந்தகமுள்ள டீசலுக்கென வகுக்கப்பட்டது.

இலங்கையில் விற்கப்படும் ஒட்டோ டீசலில், சுப்பர் டீசலிலும் பார்க்கக் கந்தகம் மிகுதி. ஒட்டோ டீசலில் ஓடும் உழவு இயந்திரத்துக்குக் கைநூல் சி.ஐ. 4 ஐ அனுமதிக்குமாயின் அதுவே போதுமானதும் பொருத்தமானதுமாகும். புகைபோக்கியிற் கரி வடிகட்டி பொருத்திய புதுமாதிரி எஞ்சினாயின், சாம்பல் குறைந்த எண்ணெயும் கந்தகம் குறைந்த டீசலும் இன்றியமையாதன. எவ்.ஏ. 4 எனக் குறித்த எண்ணெய் நெடுஞ்சாலை வாகனங்களுக்கென மெலிதாக ஆக்கப்பட்டது. அதை உழவு இயந்திரத்துக்கு வாங்கலாகாது.

முதல் மணித்தியாலங்கள்

புதிய எஞ்சினின் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது நுண்ணிய உலோகத் துகள்கள் எண்ணெயிற் கலக்கும். ஆதலின் முதல் எண்ணெயை விரைவில் மாற்றும்படி உற்பத்தியாளர் கூறுவர். பல இயந்திரங்களுக்கு இது 50 மணித்தியாலமாகும். எண்ணெயோடு வடிகட்டியையும் மாற்றுதல் வேண்டும்; பழைய வடிகட்டியை விட்டுவைத்துப் புது எண்ணெயை ஊற்றுவது அழுக்குப் பானையில் நன்னீர் வார்ப்பதை ஒக்கும். இக்காலத்தில் நடுத்தர வேலை கொடுத்தல் நலம். மிகு பாரமும் கூடாது; வேலையின்றி நெடுநேரம் ஓடவிடுதலும் கூடாது.

மணலும் உப்புக் காற்றும்

சோளகக் காற்று வீசும் மாதங்களில் மண்கும்பான் மணல் எங்கும் பறக்கும். காற்று வடிகட்டியைத் தாண்டி உட்புகும் மணல், எத்துணைச் சிறந்த எண்ணெயையும் அரைக்கும் பசையாக்கிவிடும். எண்ணெய்க் கிண்ணமுள்ள காற்று வடிகட்டியாயின் உழவுக் காலத்தில் நாடோறும் திறந்து பார்த்து, சேறு படிந்திருந்தால் மாற்றுக. எண்ணெய் ஊற்றுமுன் மூடியைச் சுற்றியுள்ள மணலைத் துடைத்தலும் அவசியம்.

சிறு கமங்களில் இயந்திரம் சில கிழமை உழைத்துப் பல மாதம் கொட்டிலில் நிற்கும். கைநூல் 250 மணித்தியாலம் எனக் கூறினும், ஓர் ஆண்டில் அத்தனை மணித்தியாலம் ஓடாது போகலாம். நிற்கும் இயந்திரத்தினுள் ஈரம் படியும். பழைய எண்ணெயிலுள்ள அமிலம் அரிக்கும். ஆகவே மணித்தியாலம் நிரம்பாவிடினும் ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றுக. உழவு முடிந்து நிறுத்துமுன் மாற்றுவது, அடுத்த உழவுக்கு முன் மாற்றுவதிலும் சிறந்தது.

கழிவெண்ணெயும் கிணறும்

வடித்த எண்ணெயை மணலில் ஊற்றலாகாது. தீவகத்தில் நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய படையாக நிற்கின்றது. மணல் எண்ணெயைத் தடுத்து வைக்காது. அது கீழிறங்கிக் கிணற்றை அடையும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமையால் மக்கள் பட்ட துன்பத்தை யாழ்ப்பாணத்தார் அறிவர். அதன் பொருட்டு 2019 இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது. கத்தரியும் மிளகாயும் வெங்காயமும் அக்கிணற்று நீரையே உண்கின்றன. கழிவெண்ணெயை மூடியுள்ள கலத்திற் சேர்த்து, அதனை ஏற்கும் வாகனத் திருத்தகத்திற் கொடுத்துவிடுக.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. கைநூலிற் கூறிய தடிப்பையும் தரத்தையும் ஒருங்கே பார்த்து வாங்குக. பிழையான எண்ணெயால் உத்தரவாதம் இழக்கப்படலாம்.

2. முத்திரை உடையாத கலத்தையே வாங்கிப் பற்றுச்சீட்டைப் பேணுக.

3. சமதரையில் நிறுத்தி, நாடோறும் தொடங்குமுன் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க.

4. கியர்ப் பெட்டிக்கும் நீரியல் தூக்கிக்கும் உரிய எண்ணெய் வேறு. எண்ணெயில் அமிழ்ந்த தடுப்புகள் உள்ள இயந்திரத்தில் அதனை மாற்றி ஊற்றினால் தடுப்புகள் பழுதுறும்.

5. எண்ணெய் மாற்றிய திகதியையும் மணித்தியாலத்தையும் ஒரு கொப்பியிற் குறித்து வைக்க.

எண்ணெயில் மிச்சம்பிடிக்கும் பணம் சிறிது. எஞ்சினைத் திறந்து திருத்தும் செலவு பெரிது. காலத்தில் மாற்றிய எண்ணெயே காலத்தில் நடைபெறும் உழவுக்குத் துணையாகும்.