உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு!

ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் ஆற்றின் வடகரையில் கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் கருத்து. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985ஆம் ஆண்டில் இங்கு அகழாய்வைத் தொடங்கியது. தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் கீறிய ஓடுகள், கல்மணிகள், இரும்பு உருக்கிய உலைகள் எனப் பலவும் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன.

அங்குக் கிடைத்த பானை ஓடுகளில் ஒரு வகை நம்மை வியக்க வைக்கிறது. அதன் வெளிப்புறம் சிவப்பு. உட்புறமும் வாய் விளிம்பும் கன்னங்கறுப்பு! இதனைக் கறுப்பு-சிவப்புப் பானை என்பர்.

ஒரே பானைக்கு இரண்டு மண் எடுத்தார்களா? இல்லை. உள்ளே கறுப்புச் சாயம் பூசினார்களா? அதுவும் இல்லை. மண் ஒன்றுதான். அப்படியானால் இரண்டு நிறங்கள் எங்கிருந்து வந்தன?

நிறம் தருவது காற்று

பானை செய்யும் களிமண்ணில் இரும்புச் சேர்மங்கள் கலந்துள்ளன. சூளையில் காற்று தாராளமாகப் புகுந்தால், இரும்பு நிறைய ஆக்சிஜனுடன் சேர்ந்து பெரிக் ஆக்சைடாகிறது. இதன் நிறம் சிவப்பு. செங்கல்லும் ஓடும் சிவந்திருப்பதற்கு இதுவே காரணம்.

காற்று போதாமல் எரிந்தால் என்ன ஆகும்? எரிபொருளிலுள்ள கார்பன் முழுவதும் எரிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை. கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. இது ஆக்சிஜனுக்காகப் பசித்திருக்கும் வாயு. சூடேறிய பெரிக் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனின் ஒரு பகுதியைப் பறித்துக் கொண்டு, தான் கார்பன் டை ஆக்சைடாக மாறிவிடுகிறது. ஆக்சிஜனை இழந்த இரும்பு ஆக்சைடு கறுத்துப் போகிறது. இம்மாற்றத்தை வேதியியலில் ஒடுக்கம் என்கிறோம். இத்துடன் புகையிலுள்ள நுண்ணிய கரித்துகள்கள் களிமண்ணின் துளைகளில் படிந்து கறுப்பை மேலும் ஆழமாக்குகின்றன.

பானையைக் கவிழ்த்தால்?

இனி விடுகதையை அவிழ்ப்பது எளிது. வைக்கோல், உமி, இலை போன்றவற்றைப் பானைக்குள் இட்டு, வாய் கீழே இருக்குமாறு கவிழ்த்துச் சுடுவதாகக் கொள்வோம். வெளிப்புறத்தில் காற்றும் தீயும் விளையாடும், அது சிவக்கும். உள்ளே காற்றுப் புக வழியில்லை. அங்கே கருகும் வைக்கோலும் உமியும் ஒடுக்கத்தை நிகழ்த்தும், உட்புறம் கறுக்கும். விளிம்பு சாம்பலில் புதைந்திருப்பதால் அதுவும் கறுக்கும். முதலில் பானை முழுவதையும் சிவக்கச் சுட்டு, இரண்டாம் முறை உட்புறத்தை மட்டும் கறுக்கச் செய்திருக்கலாம் என்றும் சில ஆய்வாளர் கூறுகின்றனர். எம்முறையாயினும் அடிப்படை ஒன்றே: ஒரே பானையின் இரு பக்கங்களுக்கும் இருவேறு காற்று!

பெட்டிக்குள் கரி

உங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியைப் பாருங்கள். அதன்மேல் கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சு இருக்கிறது. மண்பானையில் நீர் கசியும். மெருகிட்ட ஜாடியில் உப்பும் எண்ணெயும் கசிவதில்லை. மெருகு என்பது உண்மையில் மெல்லிய கண்ணாடிப் படலமே.

மெருகு உருகும் வேளையில் சாம்பல் பறந்து ஒட்டினால் கலம் பாழாகும். எனவே கலங்களைத் தீக்களிமண்ணால் செய்த மூடிய பெட்டிகளில் வைத்துச் சூளையில் அடுக்குவது நெடுங்கால வழக்கம். இப்பெட்டிக்குச் 'சாகர்' என்று பெயர். தீயிடமிருந்து கலத்தைக் காப்பது இதன் முதல் வேலை.

இப்பெட்டிக்குள் சில கரித்துண்டுகளையும் இட்டால் வேறொரு வேலையும் நடக்கும். பெட்டியிலுள்ள சிறிதளவு ஆக்சிஜனைக் கரி விரைவில் தீர்த்துவிடும். பிறகு உண்டாகும் கார்பன் மோனாக்சைடு மெருகிலுள்ள உலோக ஆக்சைடுகளை ஒடுக்கும். செம்பு கலந்த மெருகு காற்றில் சுட்டால் பச்சை. ஒடுக்கத்தில் சுட்டால் செக்கச் சிவப்பு! சீனக் குயவர்கள் இத்தகைய செம்புச் சிவப்பினாலும் புகழ்பெற்றனர். மின்சூளையின் கம்பிச் சுருள்கள் ஒடுக்கும் வாயுக்களால் கெட்டுவிடும். ஆகவே சூளை முழுவதையும் விடுத்து, பெட்டிக்குள் மட்டும் ஒடுக்கத்தை நிகழ்த்த இம்முறை உதவுகிறது.

ஆனால் இதில் காலக்கணக்கு தவறக் கூடாது. மெருகு உருகி மூடிக்கொண்ட பின் வாயு உள்ளே புகுவது கடினம். எனவே அதற்கு முன்பே ஒடுக்கம் தொடங்கியாக வேண்டும். கரி சீக்கிரம் தீர்ந்துபோனால் காற்று மீண்டும் புகுந்து சிவப்பைக் கெடுக்கும். கரி மிகுந்தால் மெருகில் கருமை சிக்கிக்கொள்ளும். பெட்டிக்குள் நடப்பதைக் கண்ணால் காண முடியாது. ஆறிய பின் மூடியைத் திறக்கும்போதுதான் குயவரின் உழைப்பு வென்றதா, வீணானதா என்பது தெரியும்.

ஓர் எச்சரிக்கை: கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு, உயிரையே பறிக்கவல்லது. மூடிய அறையில் கரி எரிப்பது பேராபத்து. இச்சோதனையை வீட்டில் செய்யவே கூடாது.

மூசைக்குள் எஃகு

மீண்டும் கொடுமணலுக்கு வருவோம். அங்கு இரும்புத் தொழில் நடந்த இடத்தில் மூசைகளும் கிடைத்துள்ளன. மூசை என்பது உலோகம் உருக்கும் களிமண் கலம். பண்டைத் தென்னிந்தியாவில் இரும்பையும் மரத்துண்டு, இலை போன்றவற்றையும் மூசையிலிட்டு, வாயை மண்ணால் பூசி, நெடுநேரம் சூடாக்கி எஃகு செய்தனர். மூடிய கலத்தில் காற்று புகாததால் கார்பன் எரிந்து போகாமல் இரும்பில் கலந்தது. 'வூட்ஸ்' என்று மேலைநாட்டார் வியந்த எஃகு இவ்வாறு பிறந்ததே. மின்னியல் மேதை மைக்கேல் பாரடே, 1819ஆம் ஆண்டில் இந்த எஃகைப் பகுத்தாய்ந்து கட்டுரை எழுதினார் என்பது உங்களுக்குத் தெரியுமா?

பானையைக் கறுக்கச் செய்ததும் இரும்பை எஃகாக்கியதும் ஒரே பாடந்தான்: காற்றை வெளியே நிறுத்து, கார்பனை உள்ளே வேலை செய்ய விடு. ஆக்சிஜன் என்ற பெயரே உலகில் தோன்றாத காலத்தில், வெப்பமானி இல்லாமல், தீயின் நிறத்தைக் கண்டே நம் முன்னோர் இப்பாடத்தைக் கற்றிருந்தனர்.

நீங்களே பாருங்கள்

வீட்டில் உடைந்த பூந்தொட்டியோ செங்கல்லோ இருந்தால், உடைந்த விளிம்பைக் கவனியுங்கள். சிலவற்றில் இருபுறமும் சிவப்பு, நடுவில் கருங்கோடு தெரியும். காற்று மேற்பரப்பை எட்டியது. நடுப்பகுதியை எட்டுவதற்குள் சூடு தணிந்துவிட்டது என்பதை அக்கோடு சொல்கிறது.

கொங்கு நாட்டுக் காடு கழனிகளில் உழும்போது பழைய ஓடுகள் மேலே வருவதுண்டு. அவற்றைக் காலால் உதைத்துத் தள்ளாதீர்கள். விளையாட்டாகப் பொறுக்கி எடுத்தும் வராதீர்கள். கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் கூறுங்கள். ஓர் ஓடு எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதே அதன் பாதி வரலாறு. இடம் மாறினால் அந்தப் பாதி மறைந்துவிடும், மீண்டும் கிடைக்காது.