பள்ளி அணிவகுப்பு: தேசியக் கொடி மட்டும் ஏன் தாழாது? கை தவறினால் குற்றமா?

ஜனவரி 26, ஆகஸ்ட் 15 நெருங்கினாலே திருவெறும்பூர் பள்ளி மைதானங்களில் ‘லெஃப்ட், ரைட்’ சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். அணிவகுப்பில் எல்லார் கண்ணும் படுவது முன்னால் கொடி ஏந்தி வரும் மாணவர் மேல்தான்.

எந்தப் பக்கம் வரணும்?
2002-ல் அமலுக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பின்படி, மற்றக் கொடிகளோடு செல்லும்போது தேசியக் கொடி அணியின் வலப்பக்கம் வர வேண்டும். மற்றக் கொடிகள் வரிசையாக வந்தால், அந்த வரிசையின் நடுவுக்கு நேர் முன்னால்.

ஏன் தாழாது?
சிறப்பு விருந்தினரைக் கடக்கும்போது ஹவுஸ் கொடிகளைத் தாழ்த்துவது வழக்கம். ஆனால் தேசியக் கொடியை யாருக்காகவும் தாழ்த்தக் கூடாது. அது கடந்து போகும்போது பார்வையாளர்கள்தான் அதை நோக்கி நேராக நிற்க வேண்டும். சீருடையில் இருப்பவர்கள் சல்யூட் அடிக்க வேண்டும்.

கீழே விழுந்தால்?
கொடி ஏந்தும் பிள்ளைகளின் பெரிய பயமே இதுதான். தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 1971, வேண்டுமென்றே தரையில் படவிடுவதைத்தான் குற்றம் என்கிறது. கை தவறி விழுவது அதில் வராது.

மயக்கம் வந்தால்?
வெயிலில் முழங்காலை விறைத்து அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரலாம். காலையில் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போகணும். நிற்கும்போது ஷூவுக்குள் விரல்களை அசைக்கலாம். கண் இருட்டினால், பக்கத்தில் நிற்பவரிடம் கொடியைக் கொடுத்துவிட்டு உட்காரலாம். அது அவமரியாதை இல்லை. கொடியைக் காப்பாற்றும் வழி.