வீட்டைப் பிரித்தார்கள், குழாயைப் பிரிக்கவில்லை

அண்ணன் வீட்டில் குடம் நிரம்பி வழிகிறது. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி மனைவி குழாயைத் திறந்தால் ‘புஸ்’ என்று காற்றுதான் வருகிறது. “மோட்டார் போட்டு உறிஞ்சுறாங்க” என்று தம்பி வீட்டிலிருந்து ஒரு குரல். “உங்க பைப்புல அடைப்பு, எங்களை ஏன் சொல்றீங்க?” என்று அண்ணன் வீட்டிலிருந்து பதில். தண்ணீர் விடுவதோ ஒரு மணி நேரம். அதில் பாதி இந்தப் பேச்சிலேயே போய்விடும். மறுநாள் காலையில் யாரோ கேட் வால்வைத் திருகி மூடியிருப்பார்கள். அதற்கடுத்த நாள் காவல் நிலையத்தில் மனு.

இதைக் குழாயடிச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. 2019 ஜூனில் தஞ்சாவூர் அருகே பொதுத் தொட்டியில் ஒரு குடும்பம் அளவுக்கு மீறித் தண்ணீர் பிடித்ததைத் தட்டிக்கேட்ட ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அதே கோடையில்தான் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. பஞ்ச காலத்தில் சண்டை வருவது புரிகிறது. ஏரி நிறைந்திருக்கும் ஆண்டிலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரே பைப்புக்காக முகம் பார்க்காமல் போவதற்குக் காரணம் வேறு.

பெரும்பாலும் கதை ஒன்றுதான். அப்பா காலத்தில் ஒரு வீடு, ஒரு வரி விதிப்பு எண், ஒரு குடிநீர் இணைப்பு. தெரு மெயினிலிருந்து அரை இன்ச் பைப் ஒன்று உள்ளே வந்தது. பிள்ளைகள் தலையெடுத்ததும் பாகப்பிரிவினை நடந்தது. நடுவில் சுவர் எழும்பியது. மின் இணைப்பு தனியானது, வாசல் தனியானது. பைப்பில் மட்டும் ஒரு ‘டி’ போட்டு இரண்டாவது வீட்டுக்கு இழுத்தார்கள். அந்த ‘டி’ எங்கே புதைந்திருக்கிறது, பழுதானால் யார் தோண்டுவது, யார் பணம் கொடுப்பது என்று பத்திரத்தில் ஒரு வரிகூட இருக்காது. கிராமத்துப் பழைய பத்திரங்களில் இந்தக் கவனம் இருந்தது. பொதுக் கிணற்றில் இன்னாருக்கு நாலில் ஒரு பாகம், இறைக்கும் முறை இன்னின்ன நாள், போக வர வண்டிப் பாதை என்று எல்லாம் எழுதியிருப்பார்கள். கிணற்றுக்குக் கொடுத்த அந்த மரியாதையை நாம் பைப்புக்குக் கொடுக்கவில்லை. தகராறு அங்கேதான் தொடங்குகிறது.

அதற்கு மேல் தண்ணீரின் இயல்பு ஒன்று இருக்கிறது. அழுத்தம் குறைவாக இருக்கும்போது, பள்ளத்தில் திறந்திருக்கும் வாய்க்குத்தான் தண்ணீர் போகும். குடிநீர் வழங்கல் குறித்த மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் கையேடு, ஒரே தளமுள்ள வீட்டுக்குத் தெருக் குழாயில் 7 மீட்டர் உயரத்துக்கு ஏறும் அழுத்தமும், இரண்டு தளத்துக்கு 12 மீட்டரும், மூன்று தளத்துக்கு 17 மீட்டரும் இருக்க வேண்டும் என்றது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடும் ஊர்களில், கடைக்கோடித் தெருவில் இந்த அழுத்தத்தை எதிர்பார்க்க முடியாது. அங்கே ஒரு வீட்டில் தரைக்குக் கீழே சம்ப் கட்டி, அதில் மிதவை வால்வும் வைக்காமல் விட்டால், பக்கத்து வீட்டில் இடுப்பு உயரத்தில் இருக்கும் குழாய்க்கு ஒரு சொட்டும் ஏறாது. சம்ப் வைத்தவர் திருடவில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்கு அது திருட்டாகத்தான் தெரியும்.

மோட்டார் விவகாரம் வேறு. குடிநீர் பைப்பில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தினால், பைப்புக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் கீழே போய்விடுகிறது. பக்கத்து வீட்டில் தண்ணீர் நிற்பதோடு இது முடியாது. வழியில் எங்காவது இணைப்பு கசிந்து, அருகில் சாக்கடை ஓடினால், அந்த அழுக்கும் பைப்புக்குள் இழுக்கப்படுகிறது. மஞ்சள் காமாலையும் வயிற்றுப்போக்கும் அந்த வரிசையிலுள்ள எல்லா வீட்டுக்கும் வரலாம், மோட்டார் வைத்தவர் வீடு உட்பட. இப்படி உறிஞ்சும் மோட்டார்களை உள்ளாட்சிகள் பறிமுதல் செய்வதும் இணைப்பைத் துண்டிப்பதும் இதனால்தான். சம்ப்பில் விழுந்த தண்ணீரை மோட்டாரால் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவதில் தவறில்லை. லைனில் கைவைப்பதுதான் குற்றம்.

ஆனால் எல்லாப் பழியும் மோட்டாருக்குரியது என்றும் சொல்ல முடியாது. முப்பது வருடத்துப் பழைய ஜி.ஐ. பைப்பை பிளம்பர் அறுத்துக் காட்டும்போது பார்க்க வேண்டும். வெளியே அரை இன்ச், உள்ளே துரு கட்டிகட்டியாகப் படிந்து பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை. பைப்பின் அளவு பாதியானால் தண்ணீரும் பாதியாகும் என்று நினைக்கிறோம். கணக்கு அப்படி இல்லை. அதே அழுத்தத்தில், உள்விட்டம் பாதியானால் வரும் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பல வருடம் “அவங்க உறிஞ்சுறாங்க” என்று பேசிக்கொண்டிருந்த வீட்டில், உண்மையில் உறிஞ்சியது துருவாக இருக்கலாம்.

கண்டுபிடிப்பதற்குப் பெரிய செலவு வேண்டாம். தண்ணீர் விடும் நேரத்தில் இரண்டு வீட்டாரும் கூடவே நிற்க வேண்டும், ஒரே வாளி, கைபேசியில் கடிகாரம். முதலில் அண்ணன் வீட்டுக் கேட் வால்வை மூடிவிட்டுத் தம்பி வீட்டில் வாளி நிரம்ப எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும். பிறகு தம்பி பக்கம் மூடி அண்ணன் வீட்டில். கடைசியில் இரண்டையும் திறந்து வைத்து இரண்டு இடத்திலும். அண்ணன் வீட்டை முழுக்க மூடியும் தம்பி வீட்டு வாளி நிரம்பவில்லை, ஆனால் அண்ணன் வீட்டில் தாராளமாக வருகிறது என்றால், கோளாறு ‘டி’க்கு அப்பால் தம்பி பக்கத்துப் பைப்பில் இருக்கிறது. இரண்டு வீட்டிலும் எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் மீட்டர் ஓடினால் மண்ணுக்கடியில் கசிவு. இந்தச் சோதனையைச் சேர்ந்து செய்தால் பாதிக் கோபம் அங்கேயே வடிந்துவிடும். தனித்தனியாகச் செய்தால் முடிவை எதிர்த்தரப்பு நம்பாது.

இனி சட்டம். குழாய்த் தகராறுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டம், அதாவது வசதியுரிமைச் சட்டம், தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன் 24-ஆம் பிரிவு விளக்கத்துக்கு எடுத்துக்கொண்ட உதாரணமே தண்ணீர்க் குழாய்தான்: அடுத்தவர் நிலத்தின் வழியே தன் தொட்டிக்குக் குழாய் கொண்டுபோக உரிமையுள்ளவர், அதைப் பழுதுபார்க்க உள்ளே வந்து தோண்டலாம், தோண்டிய இடத்தைப் பழையபடி சரிசெய்து கொடுக்க வேண்டும். செலவு உரிமையை அனுபவிப்பவருடையது என்கிறது 25-ஆம் பிரிவு. “என் இடத்தில் மண்வெட்டி வைக்க விடமாட்டேன்” என்பவருக்கும், “நீதான் சரிசெய்து தரணும்” என்பவருக்கும் நூற்று நாற்பது வருடத்துக்கு முன்பே எழுதி வைத்த பதில் இது.

அந்த உரிமை எப்படி வருகிறது என்பதில்தான் வழக்குகள் நீளும். சொந்தக்காரர்கள் பாகம் பிரித்த வீடென்றால் 13-ஆம் பிரிவு கைகொடுக்கிறது: பிரிவினை நடந்தபோது ஒரு பாகத்தின் அனுபவத்துக்கு மற்ற பாகத்தின் வழியே வெளிப்படையாகவும் தொடர்ச்சியாகவும் இருந்துவந்த தேவையான வசதி, பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, தொடரும். சுவரோரம் கண்ணுக்குத் தெரிய ஓடும் குடிநீர் பைப் இதற்குள் வரும் என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. உறவில்லாத அண்டை வீட்டார் என்றால் 15-ஆம் பிரிவின்படி 20 ஆண்டு அமைதியாக, வெளிப்படையாக, உரிமையாக, இடையறாமல் அனுபவித்ததைக் காட்ட வேண்டும். “நீங்க பெரிய மனசு பண்ணி விட்டீங்க” என்று அனுமதி வாங்கிப் பயன்படுத்திய ஆண்டுகள் இந்தக் கணக்கில் சேராது. அது வெறும் அனுமதி, திரும்பப் பெறக்கூடியது. அதற்கும் ஒரு விலக்கு உண்டு. அந்த அனுமதியை நம்பிச் செலவு செய்து நிலையான கட்டுமானம் எழுப்பியிருந்தால், 60-ஆம் பிரிவு அனுமதியை ரத்து செய்யவிடாது.

காவல் நிலையத்தில் மனு ரசீது தருவார்கள். “சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க” என்பதும் வழக்கமான பதில். முழுக்க அப்படியும் இல்லை. குடிநீர் வரத்து குறையும் என்று தெரிந்தே நாசவேலை செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 326-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை கொண்ட குற்றம். நிலத்தையோ தண்ணீரையோ பயன்படுத்தும் உரிமைத் தகராறு அடிதடியில் முடியும் என்ற நிலை வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166-ஆம் பிரிவில் நிர்வாக நடுவர் விசாரித்து, தடுக்கக் கூடாது என்று உத்தரவிடலாம். முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 147-ஆம் பிரிவாக இருந்தது.

உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால் தடையுத்தரவு கேட்கலாம். நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் டேப்புடன் வந்து, பைப் ஓடும் இடத்தை அளந்து வரைபடத்தோடு அறிக்கை கொடுப்பார். வழக்கு வலுப்பதும் கெடுவதும் பெரும்பாலும் அந்த ஒருநாளில்தான். அதற்கு முன்பே எதிர்த்தரப்பு பைப்பைப் பெயர்த்துவிட்டால் அளக்க ஒன்றும் இருக்காது. படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

வழக்கைவிட மலிவான வழி தனி இணைப்பு. பாகம் பிரித்தவுடன் சொத்து வரி விதிப்பைப் பிரித்து வாங்கிவிட்டால், இரண்டாவது வீடு தன் பெயரிலேயே குடிநீர் இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம். வைப்புத்தொகையும் சாலை வெட்டும் கட்டணமும் சேர்த்தாலும், வழக்குச் செலவைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் ஆகும்.

சந்து குறுகல், மெயின் வேறு தெருவில் இருக்கிறது என்று தனி இணைப்புக்கு வழியில்லாத வீடுகளும் உண்டு. அவர்கள் பைப் எந்தச் சுவரோரம் எத்தனை அடி ஆழத்தில் போகிறது, பொதுப் பகுதியின் பழுதுச் செலவு எப்படிப் பங்கு, உள்ளே வர எத்தனை நாள் முன்னறிவிப்பு, லைனில் மோட்டார் கூடாது, சம்ப்பில் மிதவை வால்வு கட்டாயம் என்று எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பதிவானால், நாளை ஒரு பாகத்தை விலைக்கு வாங்க வருபவருக்கு வில்லங்கச் சான்றிலேயே தெரிந்துவிடும். பேசி எழுதும் அளவுக்குப் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டார், வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு வெள்ளைத்தாளில் ஒரு மனு கொடுத்தால் மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பையும் அழைத்துப் பேசவைப்பார்கள். நீதிமன்றக் கட்டணம் கிடையாது, அங்கே எட்டும் சமரசத்துக்கு மேல்முறையீடும் கிடையாது.