ஒரே துடைப்பம், இரண்டு சம்பளம்

டெல்லி கோல் மார்க்கெட்டில் 1921-இல் எழுந்த பன்னிரண்டு பக்கக் கட்டடத்தைச் சுற்றி, ஏறக்குறைய நூறாண்டாக அரசு ஊழியர் குடியிருப்புகள். இங்கிலீஷும் டைப்பும் கற்றுக்கொண்டு மதராஸிலிருந்து ரயிலேறிய குமாஸ்தாக்கள் குடும்பம் நடத்திய பகுதி இது. அவர்கள் பிள்ளைகளுக்காக வந்த தமிழ்ப் பள்ளி மந்திர் மார்கில் இன்றும் நடக்கிறது. அதே சாலையில்தான் துப்புரவுத் தொழிலாளர்களின் வால்மீகி குடியிருப்பு. கொஞ்ச தூரத்தில் லேடி ஹார்டிங், ராம் மனோகர் லோகியா மருத்துவமனைகள். மருத்துவர், செவிலியர், டிரைவர், காவலாளி, தெருக் கூட்டுபவர் எல்லாரும் இதே தெருக்களில் வேலைக்குப் போகிறார்கள். சம்பளத்தில் மட்டும் ஏன் இத்தனை ஏற்றத்தாழ்வு?

படிப்பு, திறமை என்று சட்டென்று பதில் வரும். மருத்துவர் விஷயத்தில் அது பெருமளவு சரி. பல ஆண்டுப் படிப்புக்கு ஈடு கிடைக்காவிட்டால் அந்தப் படிப்புக்கு யாரும் வரமாட்டார்கள். ஆனால் கீழ்த்தட்டுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது.

2024 அக்டோபரில் டெல்லி அரசு அறிவித்த குறைந்தபட்ச மாதக் கூலி, திறன் தேவைப்படாத வேலைக்கு 18,066 ரூபாய். திறன் வேலைக்கு 21,917 ரூபாய். தொழில் கற்றதற்குக் கிடைக்கும் கூடுதல் 3,851 ரூபாய். அதே மாதத்தில் மத்திய அரசுப் பணியின் கடைசிப் படியில் சேர்ந்தவருக்கு அடிப்படைச் சம்பளம் 18,000, அகவிலைப்படி 53 சதவீதம். இரண்டும் சேர்ந்து 27,540 ரூபாய். குவார்ட்டர்ஸ் இல்லாதவருக்கு வீட்டு வாடகைப்படி 5,400 தனி. ஆக, ஒரே தரையை ஒரே துடைப்பத்தால் பெருக்கும் இருவரில், பர்மனென்ட் ஆளுக்கும் குறைந்தபட்சக் கூலி வாங்கும் கான்ட்ராக்ட் ஆளுக்கும் நடுவே வாடகைப்படி சேர்க்காமலே 9,474 ரூபாய் இடைவெளி. திறமைக்குக் கிடைப்பதைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு, எந்த வாசல் வழியாக வேலைக்கு வந்தோம் என்பதற்குக் கிடைக்கிறது.

டெல்லியில் ‘பக்கா நௌக்ரி’, அதாவது நிரந்தர வேலை, என்று ஏங்குவது இதற்காகத்தான். அந்த வாசலுக்குள் சம்பளத்தை நிர்ணயிப்பது ஊதியக் குழுவின் பரிந்துரை. வெளியே, குறைந்த தொகைக்கு டெண்டர் எடுக்கும் தேக்கேதார் என்னும் ஒப்பந்தக்காரர். இயந்திர விலையை அவரால் குறைக்க முடியாது. ஆள்கூலியில்தான் கைவைக்க முடியும். கேட்டால், இந்தத் தொகைக்கு வர வேறு ஆள் காத்திருக்கிறான் என்பார். பீகார், உத்தரப் பிரதேச ரயில்கள் வந்துகொண்டே இருக்கும் நகரில் அது வெற்று மிரட்டல் அல்ல.

ஆடம் ஸ்மித் 1776-இல் இன்னொரு காரணம் சொன்னார்: அருவருப்பான, ஆபத்தான வேலைக்குக் கூலி கூட இருக்கும். தூக்கிலிடுபவரை உதாரணம் காட்டினார். அப்படியானால் சாக்கடைக்குள் இறங்குபவர் ஊரிலேயே அதிகம் சம்பாதிக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. பிடிக்காத வேலையை விட்டு வேறு வேலைக்குப் போகும் சுதந்திரம் எல்லாருக்கும் உண்டு என்பது ஸ்மித்தின் நிபந்தனை. அந்தக் கதவைச் சாதி அடைத்துவிட்ட இடத்தில், பேரம் பேசத் தொழிலாளியின் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

படித்து வெளியேறலாமே என்பவர்கள், சுக்தேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்க வேண்டும். பத்திரிகை விளம்பரங்களில் வந்த தனியார் வேலைகளுக்கு, தகுதியை ஒன்றாகவும் பெயரை மட்டும் வேறாகவும் வைத்து விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு சுமார் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. சம்பளப் பேச்சு தொடங்கும் முன்பே வேற்றுமை தொடங்கிவிடுகிறது.

இந்த வால்மீகி குடியிருப்பில் 1946-47-இல் தங்கியிருந்த காந்தி, வழக்கறிஞரின் உழைப்புக்கும் நாவிதரின் உழைப்புக்கும் ஒரே மதிப்பு என்று நம்பியவர். 1904-இல் தென்னாப்பிரிக்காவின் ஃபீனிக்ஸ் பண்ணையைத் தொடங்கியபோது, நிற வேறுபாடில்லாமல் எல்லாருக்கும் மாதம் 3 பவுண்டு என்று திட்டமிட்டார். நீதிமன்றங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசியல் சட்டத்தின் குறிக்கோள் என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது, டெல்லி காவல்துறை டிரைவர் ஒருவர் தொடுத்த வழக்கில்தான். பஞ்சாப் அரசின் தற்காலிக ஊழியர்களுக்கும் அது பொருந்தும் என்று 2016-இல் தீர்ப்பளித்தது. இரண்டு வேலையும் ஒன்றுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு மட்டும், கேட்டு வரும் ஊழியரின் தலையிலேயே இருக்கிறது.