காட்டுத்தீ நிவாரணம்: கொடுத்த பணம் யாருக்குப் போகிறது?

2020 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதி பற்றி எரிந்துகொண்டிருந்தபோது, நகைச்சுவைக் கலைஞர் செலஸ்ட் பார்பர் ஃபேஸ்புக்கில் நன்கொடை கேட்டார். 30,000 ஆஸ்திரேலிய டாலர் சேர்ந்தால் போதும் என்பது அவர் கணக்கு. சேர்ந்ததோ 5.1 கோடி டாலருக்கும் மேல். இவ்வளவு பணம் வந்துவிட்டதே, வீடிழந்தவர்களுக்கும் பக்கத்து மாநிலங்களுக்கும் தீக்காயம் பட்ட விலங்குகளுக்கும் பிரித்துக் கொடுக்கலாம் என்று அவர் சொன்னார். கொடுத்தவர்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

ஆனால் அந்தப் பக்கத்தில் பெறுபவராகக் குறிக்கப்பட்டிருந்தது நியூ சவுத் வேல்ஸ் ஊரகத் தீயணைப்புப் படையின் நன்கொடை அறக்கட்டளை. தீயணைப்புக் கருவிகள் வாங்குவது, பராமரிப்பது, வீரர்களுக்குப் பயிற்சி தருவது, படைப்பிரிவுகளின் நிர்வாகச் செலவைப் பார்ப்பது ஆகியவைதான் அதன் பத்திரத்தில் இருந்த நோக்கங்கள். வேறு எதற்காவது செலவிட முடியுமா என்று அறக்கட்டளையே மாநில உச்ச நீதிமன்றத்தில் கேட்டது. 2020 மே மாதம் நீதிபதி மைக்கேல் ஸ்லேட்டரி தீர்ப்புச் சொன்னார். பணியில் காயமடைந்த வீரர்களுக்கும் இறந்த வீரர்களின் குடும்பங்களுக்கும் உதவலாம், மனநல உதவிக்கும் செலவிடலாம். வீடிழந்த பொதுமக்களுக்கோ, பிற மாநிலங்களுக்கோ, விலங்குகளுக்கோ கொடுக்க முடியாது.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அறக்கொடைச் சட்டத்தின் இயல்பே இதுதான். கொடுத்தவர் மனத்தில் என்ன இருந்தது, திரட்டியவர் பின்னால் என்ன சொன்னார் என்பதெல்லாம் கணக்கில் வராது; பணத்தைப் பெற்ற அமைப்பின் பத்திரத்தில் எழுதியிருப்பதுதான் செல்லும். நன்கொடை கேட்கும் பக்கத்தில் படங்களும் கண்ணீரும் பெரிதாகத் தெரியும். பணம் எந்த அமைப்பின் கணக்குக்குப் போகிறது என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கும். படிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.

அதே தீயில் இன்னொரு சண்டையும் நடந்தது. ஆஸ்திரேலியச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வந்து குவிந்த நன்கொடை கடைசியில் 20 கோடி டாலரைத் தாண்டியது. ஜனவரி மாதமே அரசியல்வாதிகள் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள்: மக்கள் கூடாரத்தில் கிடக்கும்போது பணம் வங்கியில் ஏன் கிடக்கிறது? மறுவாழ்வு பல ஆண்டு வேலை, அதற்கும் பணம் வேண்டும் என்பது சங்கத்தின் பதில். என் பார்வையில் இரண்டு தரப்பிலும் பாதி நியாயம் இருந்தது. வீடிழந்தவருக்கு முதல் வாரத்தில் கையில் காசு வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே கொடுத்துத் தீர்த்துவிட்டால், பதினெட்டாம் மாதத்தில் அவர் கட்டுமானக் கடனோடு நிற்கும்போது கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

வெள்ளம் வடிந்தால் சுவராவது மிஞ்சும், சேற்றைக் கழுவி உள்ளே போகலாம். காட்டுத்தீ புகுந்த தெருவில் பெரும்பாலும் அடித்தளமும் புகைபோக்கியும்தான் நிற்கும். அந்தச் சாம்பலில் ஈயம், ஆர்செனிக், ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் கலந்திருக்கும் என்பதால் உரியவரே உடனே போய்க் கிளறவும் முடியாது. அதை அகற்றவே மாதக்கணக்கில் ஆகும். அதன் பிறகு மண் சோதனை, குடிநீர்க் குழாய்ச் சோதனை, அனுமதி, காப்பீட்டு நிறுவனத்தோடு இழுபறி. 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரம் எரிந்தபோது 85 பேர் இறந்தார்கள், 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. தீயின் வெப்பத்தால் அங்கே குடிநீர்க் குழாய்களில் பென்சீன் கலந்துவிட, தப்பித்த வீடுகளிலும் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனது. ஆக, வீடு கட்டி முடியும்வரை வாடகைக்கு என்ன செய்வது என்பதுதான் பெரும்பாலான குடும்பங்களுக்கு முதல் கவலை.

அந்தக் கவலையைச் சரியாகப் பிடித்தவர் ஒரு பாடகி. 2016 நவம்பர் 28 அன்று அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில், ஸ்மோக்கி மலைத்தொடரின் காட்டுத்தீ காட்லின்பர்க் ஊருக்குள் புகுந்தது. 14 பேர் இறந்தார்கள். அந்த செவியர் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த டாலி பார்ட்டன், குடியிருந்த வீட்டை இழந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆறு மாதம் மாதாமாதம் 1,000 டாலர் தருவதாக அறிவித்தார். என்ன வாங்கினீர்கள், ரசீது எங்கே என்ற கேள்வியே இல்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தித் திரட்டியதில் பணம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்தது. அதனால் ஆறாவது மாதம் 1,000 டாலருக்குப் பதில் 5,000 டாலர் காசோலை. குடும்பத்துக்கு மொத்தம் 10,000. சுமார் 900 குடும்பங்கள் இதைப் பெற்றன. ஒரே தவணையாகக் கொடுக்காமல் மாதச் சம்பளம் போல வந்ததுதான் இதன் சூட்சுமம். அடுத்த மாத வாடகைக்கு வழியிருக்கிறது என்ற நிச்சயம் இருந்தால், கந்துவட்டிக்காரரிடம் போகாமல், கிடைத்த முதல் வேலையில் விழாமல் யோசித்து முடிவெடுக்கலாம்.

இதே வழியை ஏழு ஆண்டுக்குப் பிறகு ஹவாயின் மாவி தீவில் பார்த்தோம். 2023 ஆகஸ்ட் 8 அன்று, பழைய ஹவாய் அரசின் தலைநகராக இருந்த லஹைனா எரிந்தது. தென்புறம் தொலைவில் கடந்துபோன டோரா சூறாவளியோடு சேர்ந்த பலத்த காற்று, கைவிடப்பட்ட கரும்புத் தோட்டங்களில் மண்டியிருந்த காய்ந்த புல், அறுந்து விழுந்த மின்கம்பி மூன்றும் சேர்ந்துகொண்டன. 102 பேர் இறந்தார்கள். 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. ஓப்ரா வின்ஃப்ரியும் டுவெய்ன் ஜான்சனும் 1 கோடி டாலர் போட்டு ஒரு நிதியைத் தொடங்கிப் பொதுமக்களையும் கொடுக்கச் சொன்னார்கள். கோடீஸ்வரர்கள் சாமானியரிடம் கையேந்துவதா என்று சமூக ஊடகங்களில் வசை பொழிந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் திட்டத்தின் அமைப்பைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. டாலி பார்ட்டனின் முறையைக் கேட்டறிந்து அதில் ஒரு திருத்தம் செய்திருந்தார்கள்: குடும்பத்துக்கு இவ்வளவு என்றில்லாமல், இடம்பெயர்ந்த ஒவ்வொரு வயது வந்தவருக்கும் மாதம் 1,200 டாலர். லஹைனாவில் பாட்டி, மகள், பேரன், வாடகைக்கு ஓர் அறை எடுத்தவர் என ஒரே கூரையின் கீழ் பலர் வாழ்வது சகஜம். குடும்பத் தலைவருக்கு ஒரு காசோலை என்றால் அறைக்காரருக்கு எதுவும் கிடைத்திருக்காது. சுமார் 8,100 பேருக்குக் கிட்டத்தட்ட 6 கோடி டாலர் இப்படிப் போனது.

பணம்தானா, பொருள் கொடுத்தால் ஆகாதா என்று கேட்கலாம். முதல் சில நாட்களில் ஆகும். லஹைனாவுக்குப் போகும் சாலைகள் அடைபட்டிருந்தபோது உள்ளூர்க்காரர்கள் படகுகளிலும் ஜெட்ஸ்கிகளிலும் தண்ணீரும் மருந்தும் டீசலும் கொண்டுபோய்க் கரையில் இறக்கினார்கள். எந்தப் பெரிய அமைப்பும் அவ்வளவு சீக்கிரம் அங்கே போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு தூரத்திலிருந்து வரும் மூட்டைகள்தான் சிக்கல். யாராவது பிரிக்க வேண்டும், அடுக்க வேண்டும், கிடங்குக்கு வாடகை கொடுக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணி குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அரசு உதவி இருக்கும்போது அறக்கட்டளை எதற்கு? அமெரிக்காவில் இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காப்பீடு, பிறகு ஃபெமா எனப்படும் மத்தியப் பேரிடர் முகமையின் உதவித்தொகை, பிறகு அரசின் குறைந்த வட்டிக் கடன். இவற்றுக்குப் பிறகும் மிச்சமிருக்கும் குறையை நிரப்புவதுதான் அறக்கொடையின் வேலை. ஒரே இழப்புக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது என்று மத்தியச் சட்டம் சொல்கிறது. அதனால் வாடகைக்கு என்று ஒரு தொண்டு நிறுவனம் பெயர் குறித்துக் கொடுத்தால், அதே வாடகைக்கான அரசு உதவி குறையக்கூடும். அனுபவப்பட்ட அமைப்புகள் நிபந்தனையற்ற அன்பளிப்பாகக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரிசையில் நிற்கவே முடியாதவர்களும் உண்டு. குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்கு ஃபெமா பணம் கிடையாது. விடுதிகளில் அறை துடைத்தவர்கள், தோட்ட வேலை பார்த்தவர்கள் பலருக்கு உள்ளூர் அமைப்புகள் கொடுத்ததுதான் எல்லாம். இவர்களைக் கண்டுபிடிக்க ஊர்க்காரர்களால்தான் முடியும்; அவர்கள் மொழி தெரிந்த ஒருவர் வந்து கேட்டால்தான் வாய் திறப்பார்கள்.

இணையத்தில் தனி மனிதர்களுக்காக நடக்கும் நிதி திரட்டல் வேகமானது, ஆனால் சமமானதல்ல. 2021 டிசம்பர் 30 அன்று கொலராடோவின் போல்டர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்த மார்ஷல் தீக்குப் பிறகு, கோஃபண்ட்மீ வழியாக வந்த பணத்தை ஆராய்ந்தவர்கள், வருமானம் அதிகமுள்ள குடும்பங்களுக்கே கூடுதலாகக் கிடைத்ததைக் கண்டார்கள். வசதியானவருக்கு வசதியான நண்பர்கள் இருப்பார்கள் என்பதைத் தவிர இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

பணம் மட்டும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சாம்பலைச் சல்லடையில் சலித்து ஒரு திருமண மோதிரத்தையோ ராணுவப் பதக்கத்தையோ தேடித் தரும் தன்னார்வலர்கள் அமெரிக்கத் தீக்களங்களுக்கெல்லாம் போகிறார்கள். சமாரிட்டன்ஸ் பர்ஸ் என்ற கிறித்தவ அமைப்பு இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. உதவித்தொகைப் படிவம் எதிலும் இந்த வேலைக்குக் கட்டம் கிடையாது.

மாவியில் பணமே வேறொரு சிக்கலைக் கிளப்பியது. வீடு இழந்தவர்களைத் தங்கவைக்க ஃபெமா சந்தை விலையைவிட அதிக வாடகை கொடுக்க முன்வந்ததும், தீயில் பாதிக்கப்படாத தெருக்களில் ஏற்கெனவே குடியிருந்தவர்களைச் சில வீட்டுக்காரர்கள் வெளியேற்றத் தொடங்கினார்கள். தீவில் இருக்கும் வீடுகளின் எண்ணிக்கை கூடாதவரை, யாருக்கு உதவித்தொகை கொடுத்தாலும் இன்னொருவர் தெருவுக்கு வருவார். அதன் பிறகுதான் அரசும் அறக்கட்டளைகளும் தற்காலிக வீடுகள் கட்டுவதில் முதலீடு செய்தன. லஹைனாவில் அரசு நிலத்தில் எழுந்த கா லாயி ஓலா குடியிருப்பு சுமார் 450 வீடுகள் கொண்டது. ஃபெமா உதவிக்குத் தகுதி பெறாத குடும்பங்களை மனத்தில் வைத்தே அது திட்டமிடப்பட்டது.