சோர்ஸ் மாறினா விற்பனை ஏன் மாறுது? புதுச்சேரிக் கடைக் கணக்கும் நாட்டோட ஜிடிபியும்

நேரு வீதியில ஒரு துணிக்கடை. அதே முதலாளிக்கு கோட்டக்குப்பத்துல இன்னொரு கிளை. இப்படி ஒரு வியாபாரத்தை மனசுல வச்சுக்கோங்க. அவங்க தினமும் பார்க்கிற விற்பனை டாஷ்போர்டைப் பத்தித்தான் இந்தக் காணொளி.

இத்தனை நாளா அந்த டாஷ்போர்டுக்கு எண்கள் வந்தது கடையில ஓடுற பில்லிங் சாஃப்ட்வேர்ல இருந்து. இப்போ ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல போற டேட்டாவையே சோர்ஸா வச்சுடலாம்னு யோசிக்கிறாங்க. அரசாங்கத்துக்குக் கொடுக்கிற கணக்கு, ஆடிட்டர் கண்ணால பார்த்த கணக்கு. அதைவிட நம்பகமானது எதுன்னு தோணும், நியாயம்தான். ஆனா சோர்ஸை மாத்தின அன்னிக்கே டாஷ்போர்டுல விற்பனை ஏறிடும். ஒரு சேலைகூடக் கூடுதலா விக்காம.

[திரையில்: புதுச்சேரி வரைபடம், வடக்கே கோட்டக்குப்பம், அதுக்கும் வடக்கே காலாப்பட்டு]

இந்த வரைபடத்தைப் பாருங்க. நகரத்துல இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில வடக்கே போனா கோட்டக்குப்பம் வரும். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். இன்னும் கொஞ்சம் போனா காலாப்பட்டு, பல்கலைக்கழகம் இருக்கிற இடம், அது மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சி விட்டுட்டுப் போன எல்லை இது. 1954 நவம்பர் 1ல நிர்வாகம் இந்தியாகிட்ட வந்துச்சு, 1962 ஆகஸ்ட் 16ல சட்டப்படியும் இணைஞ்சுது, ஆனா துண்டு துண்டான அந்த எல்லை அப்படியே நிக்குது. நாம ஊருக்குள்ள போய் வர்றப்போ அதைக் கவனிக்கிறதே இல்ல. ஜிஎஸ்டி கவனிக்குது. புதுச்சேரியில பதிஞ்ச ஜிஎஸ்டி எண் 34ல ஆரம்பிக்கும், தமிழ்நாட்டு எண் 33ல ஆரம்பிக்கும். முதலாளி ஒருத்தர், பான் எண் ஒண்ணுன்னாலும், ஜிஎஸ்டி சட்டத்துக்கு நேரு வீதிக் கடையும் கோட்டக்குப்பம் கிளையும் ரெண்டு தனித்தனி ஆளுங்க.

அதனால என்ன ஆகுது? தீபாவளிக்கு முன்னாடி நேரு வீதிக் கடையில இருந்து கோட்டக்குப்பத்துக்கு நாலு மூட்டை சரக்கு போகுது. பணம் கைமாறல, வாடிக்கையாளர்னு யாரும் இல்ல. ஆனாலும் சட்டப்படி அது ஒரு சப்ளை. வரி போட்டு இன்வாய்ஸ் எழுதணும், அது ஜிஎஸ்டிஆர்-1ங்கிற விற்பனை ரிட்டர்ன்ல ஏறும். அப்புறம் கோட்டக்குப்பத்துல அதே சேலையை ஒரு வாடிக்கையாளர் வாங்குறாங்க, அதுவும் அந்தக் கிளையோட ரிட்டர்ன்ல ஏறும். ரெண்டு ரிட்டர்னையும் கூட்டி டாஷ்போர்டுல போட்டா ஒரே சேலை ரெண்டு தடவை வித்தாச்சு. பில்லிங் சாஃப்ட்வேர்ல இது வெறும் சரக்கு மாற்றம், விற்பனைக் கணக்குலயே வராது.

இன்னொரு பக்கமும் பாருங்க. இதே முதலாளிக்கு மாஹேல ஒரு கிளை இருக்குன்னு வைங்க. கேரளாவுக்கு நடுவுல, மேற்குக் கடற்கரையில இருக்கிற ஊர். ஆனா அதுவும் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம், அங்கேயும் 34தான். ரெண்டும் ஒரே பதிவுக்குக் கீழ இருந்தா, நாட்டோட ஒரு கரையில இருந்து மறுகரைக்கு லாரியில சரக்கு போனாலும் வரி இன்வாய்ஸுக்குப் பதில் டெலிவரி சலான்லதான் போகும், ரிட்டர்ன்ல சப்ளையா ஏறாது. காரைக்காலுக்கும் ஏனாமுக்கும் இதே கதை. தொலைவுல இருக்கிற மாஹே விற்பனையைக் கூட்டாது, பக்கத்துல இருக்கிற கோட்டக்குப்பம் கூட்டிடும். டாஷ்போர்டைப் பார்க்கிறவருக்கு இதெல்லாம் எதுவுமே தெரியாது. கோடு ஏறியிருக்கு, அவ்வளவுதான் தெரியும்.

இப்போ ஒயிட் டவுன்ல பாரோட இருக்கிற ஒரு உணவகத்துக்கு வாங்க. அங்க தலைகீழா நடக்கும். குடிக்கிற மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதுக்கு மாநிலத்தோட கலால் வரியும் விற்பனை வரியும்தான். ஜிஎஸ்டிஆர்-1ல அது ஜிஎஸ்டிக்கு வெளியே உள்ள சப்ளைன்னு தனி அட்டவணையில போகும். டாஷ்போர்டு செஞ்சவர் வரிக்கு உட்பட்ட மதிப்புங்கிற பத்தியை மட்டும் இழுத்திருந்தா, அந்த உணவகத்தோட மது விற்பனை முழுக்கக் காணாமப் போயிடும். மீனும் சாதமும் மட்டும் வித்த மாதிரி காட்டும். புதுச்சேரியில ஒரு பாருக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டைன்னு நான் சொல்லவே வேணாம்.

இன்னும் ரெண்டு விஷயம். பதிவு இல்லாத சாதாரண வாடிக்கையாளருக்குக் கொடுத்த பில்லெல்லாம் பெரும்பாலும் வரி விகிதவாரியா மொத்தமா கூட்டித்தான் ரிட்டர்ன்ல போகுது. பில் பில்லா இருக்காது. சராசரி பில் எவ்வளவு, சனிக்கிழமை சாயங்காலம் எத்தனை பில் விழுந்துச்சுன்னு அதுகிட்ட கேட்க முடியாது. அப்புறம் நேரம். மாசா மாசம் தாக்கல் பண்றவங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாசம் 11ஆம் தேதி வரைக்கும். அதுவரைக்கும் அந்த மாசம் டாஷ்போர்டுல காலியாவே நிக்கும்.

என் கருத்தை இங்கேயே சொல்லிடுறேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் வரி கட்டுறதுக்காக உருவான கணக்கு. தினசரி விற்பனைக்கு அதை சோர்ஸா வைக்காதீங்க. மாசக் கடைசியில உங்க கணக்கைச் சரிபார்க்க வைங்க, அதுக்கு அதைவிட நல்லது இல்ல.

ஆனா சோர்ஸை மாத்தியே ஆகவேண்டிய நேரம் வரும். பழைய பில்லிங் சாஃப்ட்வேரை விட்டுட்டு இணையத்துல ஓடுற புதுசுக்குப் போவீங்க, எக்ஸெல்ல இருந்து டேட்டாபேஸுக்குப் போவீங்க. அப்போ என்ன கவனிக்கணும்? இதை நம்ம நாடே ஒரு தடவை செஞ்சு பார்த்திருக்கு. அந்தக் கதையைச் சொல்லிட்டு வேலைக்கு வர்றேன்.

[திரையில்: 2013-14 வளர்ச்சி, பழைய தொடர் 4.7 சதவீதம், புதிய தொடர் 6.9 சதவீதம்]

2015 ஜனவரி 30. மத்தியப் புள்ளியியல் அலுவலகம் ஜிடிபிக்குப் புதுத் தொடரை வெளியிட்டுச்சு. 2013-14க்கு அதுவரைக்கும் 4.7 சதவீத வளர்ச்சின்னு இருந்தது 6.9 ஆச்சு. அந்த வருஷம் முடிஞ்சு பல மாசம் ஆயிடுச்சு, எந்த ஆலையும் பின்னோக்கிப் போய்க் கூடுதலா உற்பத்தி செய்யல. மாறினது கணக்கு. தனியார் நிறுவனத் துறையை அளக்க, முன்னாடி ரிசர்வ் வங்கி எடுத்த சுமார் 2,500 கம்பெனிகளோட மாதிரியை நம்பியிருந்தாங்க. புதுத் தொடர்ல கம்பெனி விவகார அமைச்சகத்தோட எம்சிஏ-21 தளத்துல கம்பெனிகள் தாக்கல் செய்யற ஆண்டுக் கணக்கு, சுமார் 5 லட்சம் கம்பெனிகள். தொழிற்சாலையை மட்டும் அளந்த இடத்துல, தலைமை அலுவலகத்தோட சேர்த்து முழுக் கம்பெனியையும் அளக்க ஆரம்பிச்சாங்க.

சோர்ஸா அது பழசைவிட அகலமானது, சந்தேகமே இல்ல. சிக்கல் வேற. அதே நாள்ல அடிப்படை ஆண்டும் 2004-05ல இருந்து 2011-12க்கு மாறிச்சு. வளர்ச்சின்னு முன்னாடி நிறுத்துற எண்ணே காரணி விலையில இருந்து சந்தை விலைக்கு மாறிச்சு. மூணும் ஒரே நாள்ல மாறினதால, இந்த ரெண்டு புள்ளி சொச்சத்துல எவ்வளவு சோர்ஸால வந்துச்சு, எவ்வளவு வரையறையால வந்துச்சுன்னு வெளியில இருக்கிறவங்களால சுலபமாப் பிரிச்சுப் பார்க்க முடியல.

அடுத்த வில்லங்கம், பழைய வருஷங்கள். புதுக் கணக்குல 2011-12க்கு முந்தின ஆண்டுகள் எப்படி இருக்கும்னு அதிகாரபூர்வமா வந்தது 2018 நவம்பர்ல. கிட்டத்தட்ட நாலு வருஷம் கழிச்சு. அதுல 2010-11ஓட வளர்ச்சி 10.3ல இருந்து 8.5 ஆச்சு. எந்த ஆட்சியில வளர்ச்சி அதிகம்னு பெரிய சண்டை. 2019ல முன்னாள் தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன், புதுத் தொடர் வளர்ச்சியை வருஷத்துக்குச் சுமார் 2.5 சதவீதப் புள்ளி கூட்டிக் காட்டுதுன்னு ஆய்வுக் கட்டுரை போட்டார், அரசாங்கம் அதை மறுத்துச்சு. பழைய சோர்ஸையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல ஓடவிட்டு, வித்தியாசத்தை முதல்லயே பிரிச்சுக் காட்டியிருந்தா இந்தச் சண்டையில பாதிக்கு இடமே இருந்திருக்காதுன்னு நான் உறுதியா நம்புறேன்.

புதுச்சேரிக்கும் இதுல ஒரு பங்கு உண்டு. வடமங்கலத்துல இந்துஸ்தான் யுனிலீவர் ஆலை இருக்கு. கம்பெனி பதிவு மும்பையில. ஆண்டுக் கணக்கு மொத்தக் கம்பெனிக்கும் ஒண்ணாத்தான் வரும், எந்த ஆலையில எவ்வளவு மதிப்பு உருவாச்சுன்னு அதுல இருக்காது. அதனால இப்படிப்பட்ட உற்பத்தியை மாநிலங்களுக்குப் பிரிக்க, பழைய ஆண்டுத் தொழிற்சாலை ஆய்வையே மறுபடி துணைக்கு எடுத்துக்க வேண்டியிருந்துச்சு. புது சோர்ஸ் எவ்வளவு பெருசா இருந்தாலும், பழையதுல இருந்த ஏதோ ஒரு பத்தி அதுல இருக்காது. அது எந்தப் பத்தின்னு மாத்துறதுக்கு முன்னாடியே தெரியணும்.

சரி, வேலைக்கு வருவோம். முதல்ல ஒரு தாள் எடுங்க. சாஃப்ட்வேரைத் திறக்காதீங்க. விற்பனைன்னா நம்ம கடையில என்னன்னு எழுதுங்க. வரி சேர்த்தா, சேர்க்காமலா? தள்ளுபடி போகவா? திரும்பி வந்த துணியை, வித்த நாள்ல கழிக்கிறதா, வந்த நாள்ல கழிக்கிறதா? கிளைக்குப் போற சரக்கு சேருமா? நாள்ங்கிறது எப்போ ஆரம்பிக்குது? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்கிறதில்ல. இணையத்துல ஓடற பல சாஃப்ட்வேர் நேரத்தை உலகப் பொது நேரத்துல சேமிக்கும், அது நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. காலையில நாலரைக்குத் திறக்கிற பால் பூத்துல அஞ்சரைக்கு முன்னாடி வித்த பாக்கெட் எல்லாம் முந்தின நாள் கணக்குல போய் விழும். மாச மொத்தம் கிட்டத்தட்டச் சரியா இருக்கும், நாள்வாரி விற்பனை மட்டும் எப்பவும் தப்பா இருக்கும்.

ரெண்டாவது, டாஷ்போர்டை நேரா பில்லிங் சாஃப்ட்வேர்ல போய்க் கட்டாதீங்க. நடுவுல உங்க சொந்த அட்டவணை ஒண்ணு வைங்க. தேதி, கிளை, பொருள், நிகரத் தொகை, இப்படி நீங்க வச்ச பத்திப் பெயர்கள். டாஷ்போர்டு அதை மட்டும் படிக்கட்டும். நாளைக்கு சோர்ஸ் மாறினா, புது சோர்ஸ்ல இருந்து இந்த அட்டவணையை நிரப்புற இடத்துல மட்டும் கை வைக்கிறீங்க. மேல இருக்கிற படம், கணக்கு எதுவும் உடையாது. பவர் பிஐயில ஒரு எக்ஸெல் கோப்புக்குப் பதில் இன்னொரு எக்ஸெல் கோப்புன்னா டேட்டா சோர்ஸ் செட்டிங்ஸ்ல சேஞ்ச் சோர்ஸ் போதும். எக்ஸெல்ல இருந்து டேட்டாபேஸுக்குன்னா பவர் குவெரியோட அட்வான்ஸ்டு எடிட்டர்ல முதல் வரிகளை மாத்தணும், அதுக்குக் கீழ இருக்கிற படிகளுக்குப் பழைய பத்திப் பெயர்களே கிடைக்கணும். டேப்லோவுல ரீப்ளேஸ் டேட்டா சோர்ஸ்னு தனிக் கட்டளையே இருக்கு. பெயர் பொருந்தாத பத்தியில சிவப்பு ஆச்சரியக்குறி போடும். அந்த சிவப்புக் குறியைப் பார்த்துப் பயப்படாதீங்க, அது உங்களுக்கு நல்லது செய்யுது. பெயர் பொருந்தி, உள்ளே அர்த்தம் மாறியிருந்தா எந்தச் சாஃப்ட்வேரும் ஒரு குறியும் போடாது. ரெண்டு பக்கமும் தொகைன்னு பத்தி இருக்கும், ஒண்ணு வரியோட, ஒண்ணு வரி இல்லாம.

அதனாலதான் மூணாவது வேலை ரொம்ப முக்கியம். முழுசா ஒரு மாசம் ரெண்டு சோர்ஸும் ஒண்ணா ஓடணும். பொங்கல் வர்ற ஜனவரி மாதிரி, கூட்டமும் திரும்பி வர்ற துணியும் தள்ளுபடியும் சேர்ந்து நடக்கிற மாசமா எடுங்க. மொத்தத்தை மட்டும் ஒப்பிடாதீங்க. கிளைச் சரக்கால கூடினதும் விட்டுப்போன பில்லால குறைஞ்சதும் சேர்ந்து மொத்தத்தைச் சரியாக் காட்டிடும். நாளும் கிளையும் சேர்த்து ஒவ்வொரு கட்டமா ஒப்பிடுங்க. வித்தியாசம் வர்ற கட்டத்துல இருந்து நேரா பில்லுக்குப் போங்க. ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் பக்கத்துல ஒரு காரணம் எழுத முடியணும். காரணம் எழுத முடியாத கட்டம் ஒண்ணு இருந்தாலும் மாத்தாதீங்க. இந்த ஒரு மாசத்துல வரையறையைத் தொடாதீங்க. வரையறையை மாத்தணும்னா பழைய சோர்ஸ்லயே முதல்ல மாத்தி, எண் எவ்வளவு நகருதுன்னு பார்த்துட்டு, அப்புறம் சோர்ஸுக்கு வாங்க.

பழைய வருஷங்களை என்ன பண்றது? முடிஞ்சா பழைய பில்களையும் புது வரையறைப்படி அந்த நடு அட்டவணையில ஏத்திடுங்க. முடியலைன்னா வரைபடத்துல கோட்டை வெட்டுங்க. மாத்தின தேதியில நேரா ஒரு கோடு, அதுக்குப் பக்கத்துல 'புது பில்லிங் சாஃப்ட்வேர், மதுவும் சேர்த்து, கிளைச் சரக்கு நீங்கலாக'ன்னு ஒரு வரி. ரெண்டு துண்டையும் ஒட்டி ஒரே கோடா வரையாதீங்க. வங்கியில கடன் கேட்கிறப்போ அந்த வரைபடத்தைத்தான் காட்டுவீங்க.

கடைசியா ஒண்ணு, பழைய சோர்ஸை மூடுறதைப் பத்தி. கூகுள் அனலிடிக்ஸோட பழைய பதிப்பு 2023 ஜூலை 1ல இருந்து புது டேட்டா எடுக்கிறதை நிறுத்திச்சு, ஒரு வருஷம் கழிச்சு 2024 ஜூலையில பழைய டேட்டாவுக்கான வழியையும் மூடிட்டாங்க. இறக்கி வைக்காதவங்களுக்கு அந்த வருஷங்கள் போனதுதான். பில்லிங் சாஃப்ட்வேருக்குச் சந்தா நிறுத்தினாலும் இதே நிலைமை வரலாம். உங்க பில்களுக்குச் சட்டமே ஒரு காலம் சொல்லுது. அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசித் தேதியில இருந்து 72 மாசம் கணக்குப் புத்தகங்களை வச்சிருக்கணும். அதனால சந்தா முடியறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பில்லையும், ரத்தான பில்லையும் சேர்த்து, எக்ஸெல்லாவோ சிஎஸ்வியாவோ இறக்கி ரெண்டு இடத்துல வைங்க. இறக்கின கோப்பைத் திறந்து, ஏதாவது ஒரு நாளோட மொத்தத்தைப் பழைய ரிப்போர்ட்டோட பொருத்திப் பார்த்துட்டு, அதுக்கப்புறம் சந்தாவை நிறுத்துங்க.